அரக்கும் மெருகும்

பாண்டவர்களை அழிப்பதற்கென வாரணாவதத்தில் எழுப்பப்பட்ட அரக்கு மாளிகையின் கதையை அறியாதவர் நம்மிடையே இலர். அரக்கு எளிதில் தீப்பற்றும் என்பதை அக்கதை நமக்குக் கற்பித்தது. அதே அரக்குத்தான் எரிசாராயத்தில் கரைந்து, உலகின் பல நாட்டு வீடுகளில் நாற்காலிக்கும் மேசைக்கும் பேழைக்கும் நூறாண்டுகளுக்கு மேல் ஒளி கொடுத்தது. இதனை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பாட்டனார் காலத்து மரச்சாமானைப் புதுப்பிக்க விரும்புவோர் இன்று கடைக்குச் சென்றால், பலவகைப் பூச்சுகள் வரிசையாக நிற்கக் காண்பர். எதைத் தேர்ந்தெடுப்பது? இவ்வினாவுக்கு விடை காணச் சற்று வரலாற்றைப் புரட்டுவோம்.

மரத்துக்கு எண்ணெயும் தேன்மெழுகும் பூசுதல் மிகப் பழைய வழக்கம். ஆளிவிதை எண்ணெயுடன் பிசினைச் சேர்த்துக் காய்ச்சி வார்னிஷ் செய்யும் முறையை, 12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்னும் ஐரோப்பியத் துறவி எழுதி வைத்தார். இவ்வெண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுவது. அவ்வாறு இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. எண்ணெய் தோய்ந்த கந்தைகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, தானே தீப்பற்றும். ஆதலின் அக்கந்தைகளை வெளியிலே விரித்து உலர்த்துதல் வேண்டும்; அன்றி நீரில் அமிழ்த்தல் வேண்டும். வீட்டினுள் வேலை செய்வோர் இதனை ஒருநாளும் மறத்தல் கூடாது.

இனி அரக்கைக் காண்போம். பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் தம்மைச் சுற்றிச் சுரக்கும் பிசினே அரக்கு. கிளையோடு ஒடித்தெடுப்பது கொம்பரக்கு. உருக்கித் தகடாக்கி நொறுக்கினால் அவலரக்கு. 1596இல் வெளியான தம் பயண நூலில், கோவாவில் வாழ்ந்த லின்ஸ்கோட்டன் என்னும் டச்சுக்காரர், நம் நாட்டுக் கடைசல்காரர் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கட்டியை அழுத்தி, உராய்வின் சூட்டிலேயே உருக்கிப் பூசும் திறத்தை வியந்து எழுதினார். சென்னபட்டணத்துப் பொம்மைகளில் அக்கைத்தொழிலை இன்றும் காணலாம்.

அக்காலத்தில் சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பளபளக்கும் பேழைகள் ஐரோப்பியரை மயக்கின. அவற்றின் பூச்சு ஒருவகை மரத்தின் பாலால் ஆனது. அம்மரமும் அதன் பாலும் ஐரோப்பியருக்குக் கிட்டவில்லை. ஆகவே அதற்கு ஈடாக இந்திய அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசலாயினர். 1688இல் ஸ்டாக்கர், பார்க்கர் என்னும் இருவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் அம்முறையை விரிவாகக் கூறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சைத் துணியில் பொதிந்து, அரக்குக் கரைசலில் தோய்த்து, மெல்லிய படலங்களாகத் தேய்த்தேற்றும் முறை பிரான்சில் சிறந்து விளங்கியது. 'பிரெஞ்சுப் பாலிஷ்' என்று அதற்குப் பெயர் வாய்த்தது. பெயர் பிரெஞ்சு, பொருளோ இந்தியக் காட்டுப் பூச்சி தந்தது!

இங்கேதான் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. புதிய மெருகின் கண்ணாடி போன்ற பளபளப்பில் மயங்கிய 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், முந்திய தலைமுறைகளின் சாமான்கள் பலவற்றைச் சுரண்டினார்கள். எண்ணெயும் மெழுகும் பல கைகளின் தீண்டலும் சேர்ந்து ஏற்றியிருந்த பழமையின் நிறம் அதனோடு போயிற்று. மேலே ஏறிய அரக்கை இன்று எடுத்துவிடலாம். சுரண்டப்பட்ட மேற்பரப்பை எவராலும் திரும்பக் கொணர இயலாது. தீங்கு செய்தது அரக்கன்று, சுரண்டிய கத்தியே.

20ஆம் நூற்றாண்டு புதிய பூச்சுகளைக் கொணர்ந்தது. 1923 முதல் அமெரிக்க மோட்டார் வண்டிகளுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசப்பட்டது. விரைவில் உலரும் அப்பூச்சு பின்னர் மரச்சாமான்களுக்கும் பரவியது. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவர்தம் துணைவரும் பாலியூரிதேனைக் கண்டனர். அதனின்று பிறந்த பூச்சுகள் நீருக்கும் சூட்டுக்கும் பெரிதும் அஞ்சா. நாள்தோறும் தண்ணீரும் சூடான பாத்திரமும் படும் புதிய உணவு மேசைக்கு அவை ஏற்றவையே. ஆனால் ஒருமுறை இறுகிய பாலியூரிதேன் எரிசாராயத்திற் கரையாது. அது கீறிப்போனால் உப்புத்தாளிட்டுத் தேய்க்க நேரும். பூச்சோடு பழைய மரமும் தேயும்.

அரக்குக்குக் குறைகள் இல்லையா? உண்டு. ஈரக் குவளை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழும். சூடு பட்டால் இளகும். மழைக்காலத்து ஈரக்காற்றிற் பூசினால் வெளுத்துப் போகும். கரைத்து நெடுநாள் வைத்த கரைசல் சரிவர உலராது. ஆகவே வேண்டிய அளவே அவ்வப்போது கரைத்தல் நன்று. ஆயினும் அதன் குறைகளுக்கு மருந்து அதனிடமே உள்ளது. எரிசாராயம் பட்டால் பழைய படலம் இளகிப் புதியதோடு ஒன்றாகும். வேண்டாவிடின் அதைக் கொண்டே முழுவதும் துடைத்தெடுக்கலாம்.

எனவே, பழைய சாமானைத் தொடுமுன் அதன்மேல் இருப்பது யாதென அறிதல் முதற்கடமை. கண்ணிற்படாத அடிப்புறத்தில், தச்சர்கள் ஸ்பிரிட் என்று கூறும் எரிசாராயத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவுங்கள். பிசுபிசுத்து இளகினால் அது அரக்கு. அசையாவிடில் லாக்கருக்குரிய தின்னரைத் தடவுங்கள். கரைந்தால் அது லாக்கர். இரண்டுக்கும் அசையாதது பெரும்பாலும் எண்ணெய் வார்னிஷ் அல்லது புதிய செயற்கைப் பூச்சு. பழைய வண்ணப்பூச்சாயின் அதில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்தபடி தேய்த்துத் தூளைப் பறக்கவிடுதல் சிறுவர் வாழும் வீட்டில் பெருந்தீங்கு. ஸ்பிரிட்டும் தின்னரும் கையாளும் அறையில் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். விளக்கும் அடுப்பும் எரிதல் கூடாது.

பழைய பூச்சு அரக்காயிருந்து மங்கியிருப்பின், சுரண்ட வேண்டியதில்லை. அழுக்கைத் துடைத்து, மெல்லிய அரக்குக் கரைசலை ஏற்றி, மேலே சிறிது தேன்மெழுகு தேய்த்தால் போதும். அதிகம் புழங்காத பேழைக்கும் நிலைக்கண்ணாடிச் சட்டத்துக்கும் இதுவே சாலச் சிறந்தது.

கரும்பலகையில் எழுதிய பிழையைத் துடைத்துவிடலாம். கல்லில் வெட்டிய பிழையை என் செய்வது? அரும்பொருட்காட்சிச் சாலைகளில் பழம்பொருள் காப்போர் இன்று பெரிதும் போற்றும் நெறியும் இதுவே: பின்வருவோர் நீக்கக்கூடியதையே இன்று பூசுக. பழைய நாற்காலி நமக்கு முன்னோர் விட்டுச் சென்றது. நமக்குப் பின்னும் ஒருவர் அதில் அமர்வார். நம் விருப்பம் அவர் கையைக் கட்டிப்போடுதல் முறையன்று.