சிற்றிலும் குடகனாற்று மணலும்

திண்டுக்கல்லுக்கு வடக்கே குடகனாற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் தாடிக்கொம்பு ஸௌந்தரராஜப் பெருமாளைச் சேவிக்க வருவோர், மண்டபத் தூண்களில் உலகளந்தானையும் வைகுந்தநாதனையும் கண்டு நெடுநேரம் நிற்பர். இரதியையும் மன்மதனையும் விரைந்து கடப்பர். நாச்சியார் திருமொழி ஓதுவார்க்கோ அவ்விரு சிற்பங்களும் ஒரு நினைவூட்டு. முதல் திருமொழி காமனைத் தொழுவது. அடுத்தது, மணலில் வீடு கட்டும் ஆயச்சிறுமியர் பேச்சு.

இவ்விரண்டையும் இணைத்துக் காட்டுகிறது பெரியவாச்சான்பிள்ளையின் அவதாரிகை. நம்மை விட்டு வேறொரு தேவதையின் காலில் இவர்கள் விழ நேர்ந்ததே என்று கண்ணன் வந்து முகங்காட்ட, இவர்கள் ஊடி, அவனைப் பாராதே சிற்றிலிழைக்கத் தொடங்கினர் என்பது அதன் கருத்து.

இவ்விளையாட்டு மிகப் பழையது. கலித்தொகையில் தெருமணற் சிற்றிலைக் காலால் சிதைத்த குறும்பன் ஒருவன் வருகிறான். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார், கோலூன்றி இருமும் முதுமையில், மணற்பாவைக்குப் பூச்சூட்டியதையும் மருதமரக் கிளையேறி மடுவிற் குதித்ததையும் எண்ணி ஏங்குகிறார். அவர்க்கு அது கழிந்துபோன இளமை. ஆண்டாள் திருவாக்கிலோ விளையாட்டு நடந்துகொண்டே இருக்கிறது. நாள் முழுதும் முதுகு வலிக்கக் குனிந்து கட்டிய வீட்டைக் கண்ணாரப் பார்த்துப் போ என்று வேண்டுகிறாள். சிற்றிலோடு எம் நெஞ்சையும் உடைப்பாயோ என்று வினவுகிறாள். மணல் கூட வெறும் மணலன்று, வெண்ணிறத்து நுண்மணல். உடன் சிறு தூதையும் சிறு சுளகும் உண்டு. நகரத்து இளைஞர்க்குச் சுளகு என்பது முறம் என்று பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது. திண்டுக்கல் சிற்றூர்ப் பாட்டிமார்க்கு உரையே வேண்டா. அவர்கள் வாயில் அது இன்றும் 'சொளகு'.

சேதநன் தன் முயற்சியால் கட்டும் உபாயங்களை எம்பெருமான் அழித்துத் தன்னையே உபாயமாகத் தருகிறான் என்று இதற்கு ஸ்வாபதேசம் கூறுவாருளர். அது தக்கதே. ஆயினும் அதனை முதலிலேயே சொல்லிவிட்டால், வீடு இடிந்த சிறுமியின் அழுகை நம் செவியில் விழாமற் போகும். பலச்ருதியும் தத்துவச் சொற்களைக் குறிக்கவில்லை. வீதியில் விளையாடும் சிறுமியர் மழலையையே குறித்து, அத்தமிழ் வல்லார்க்கு வைகுந்தம் என்கிறது.

பழனிமலைத் தொடரின் கீழ்மலையில் பிறந்து, ஆத்தூர் நீர்த்தேக்கம் கடந்து, கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கும் குடகனாறு, இன்று பெரும்பாலான மாதங்களில் வறண்டு கிடக்கிறது. மணல் குறைந்த இடங்களைச் சீமைக்கருவேல் மூடிவருகிறது. சிற்றில் என்ற சொல்லுக்கு உரை எழுதுவோர், இனிமேல் அதனோடு ஆற்றுமணலுக்கும் உரை எழுத வேண்டியிருக்கும்.