ரேகைச் சட்டமும் நம் வட்டாரக் குடும்பங்களும்

பங்கின் விழா மலரில் கோவில் எழுந்த கதையும் குருக்கள் ஆற்றிய பணியும் இடம்பெறுவது வழக்கம். அவை எழுதப்பட வேண்டியவையே. அத்துடன், இந்த மண்ணின் குடும்பங்கள் எத்தகைய காலத்தைக் கடந்து வந்தன என்பதையும் நம் பிள்ளைகள் அறிவது நலம்.

நரிக்குடி வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல். பெருகாத ஆண்டில் புன்செய்த் தானியமும் பனையுமே துணை. இங்கே உழுது பிழைத்த குடிகளோடு, ஊர்க்காவல் செய்து விளைச்சலில் ஒரு பங்கைக் காவற்கூலியாகப் பெற்று வாழ்ந்த மறவர் குடிகளும் இருந்தன. நமக்கு அருகிலுள்ள முக்குளம் மருது சகோதரர் பிறந்த ஊர் என்பதை அறிவோம். 1801 அக்டோபர் 24ஆம் நாள் அவர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். பாளையக்காரர் போர் ஒடுங்கியபின் கும்பெனியார் ஆயுதங்களைப் பறித்தனர். பழைய காவல் முறையையும் ஒழிக்க முற்பட்டனர். நேற்றுவரை ஊரைக் காத்தவர் இன்று பிழைப்பின்றி நின்றனர். நாளடைவில் அவர்களையே சர்க்கார் சந்தேகக் கண்கொண்டு பார்க்கலாயிற்று.

பிறப்பே குற்றம்

1871இல் வெள்ளையர் அரசு வடநாட்டில் குற்றப் பழங்குடிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தச்சன் மகன் தச்சனாவதுபோலத் திருடன் மகன் திருடனாவான் என்பதே அதன் அடிப்படை எண்ணம். 1911இல் அச்சட்டம் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், கள்ளர், மறவர் எனப் பல சமூகங்கள் ஒவ்வொன்றாக அதன் பிடியில் சிக்கின. பட்டியலில் ஏறியவர் விரல் ரேகை பதிக்க வேண்டும். ஆகவேதான் நம் மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர்.

ஒருவன் திருடினான் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இன்ன குலத்தில் பிறந்தான் என்பதே போதும். குறித்த நேரத்தில் அதிகாரியிடம் ஆஜராக வேண்டும். இருப்பிடம் மாறினால் தெரிவிக்க வேண்டும். பல ஊர்களில் ஆண்கள் இரவுதோறும் போலீஸ் நிலையத்திலோ சாவடியிலோ படுக்க நேர்ந்தது. வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் அருகே தகப்பன் இல்லை. உறவினர் வீட்டு இழவுக்கும் சீட்டில்லாமல் புறப்பட முடியாது. இவை யாவினும் கொடியது ஒன்றுண்டு. ஆறு வயது முதல் பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்தது.

எனவே இச்சட்டம் முதலில் தாக்கியது குடும்பத்தையே எனலாம். நமது கோவிலில் ஒரு குழந்தை பிறந்ததும் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் எழுதுகிறோம். தாய், தந்தை, ஞானப் பெற்றோர் பெயரும் அதிலுண்டு. இக்குழந்தைக்கு இத்தனை பேர் பொறுப்பு என்பதே அதன் பொருள். போலீஸ் பதிவேட்டிலோ அதே பிறப்பு அவனுக்கு எதிரான சாட்சியாயிற்று.

மக்கள் எதிர்த்தனர்

1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் கள்ளர் குடியினர் ரேகை வைக்க மறுத்தனர். போலீசார் சுட்டதில் மாயாக்காள் என்னும் பெண்மணி உட்படப் பதினாறு பேர் மாண்டனர். 1929இல் நமக்குத் தெற்கேயுள்ள அப்பநாட்டில் 19 கிராமங்களின் மறவர்மீது சட்டம் ஏவப்பட்டது. முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டினார். அதன் பயனாகச் சுமார் 2000 பேராக இருந்த பதிவு 341ஆகக் குறைந்தது. 1934இல் அபிராமத்தில் கூடிய மாநாட்டில் தேவருடன் டாக்டர் வரதராஜுலு நாயுடு, பெருமாள் பீட்டர், நவநீதகிருஷ்ணத் தேவர் ஆகியோர் அடங்கிய குழு அமைந்தது. பல சமூகத்தாரும் இதில் கைகோத்தது குறிப்பிடத்தக்கது. 1947இல் ஓமந்தூரார் அமைச்சரவைக் காலத்தில் சென்னை மாகாணம் சட்டத்தை ரத்துச் செய்தது. 1952 ஆகஸ்டு 31இல் நாடு முழுவதும் அது ஒழிந்தது.

தாங்கி நின்றது உறவு

இத்தனை ஆண்டுகள் இக்குடும்பங்கள் சிதறாமல் நின்றது எப்படி? கொண்டையங்கோட்டை மறவரிடையே ஓர் அரிய முறையுண்டு. மிளகு, வெற்றிலை, தென்னை, கமுகு, ஈச்சு, பனை என்று குலத்தைக் கொத்துகளாகவும், கொத்தைக் கிளைகளாகவும் பிரிப்பர். பிள்ளை தகப்பன் கிளையைச் சேர்வதில்லை. தாயின் கிளையையே சேரும். ஒரே கிளையார் உடன்பிறந்தார், அவர்களுக்குள் மணமில்லை. ஆகவே ஒவ்வொருவருக்கும் இரு வீடுகள் உண்டு: தகப்பன் வீடு ஒன்று, தாய்மாமன் வீடு மற்றொன்று. தகப்பன் சாவடியில் அடைபட்டாலும் பிள்ளைக்கு மாமன் உண்டு. காதுகுத்துக்குச் சீர், கலியாணத்துக்கு மொய், இழவுக்குக் கோடி என்று வந்த ஒவ்வொன்றும் வெறுஞ் சடங்கன்று. இல்லாதவனை இருப்பவன் தாங்கும் ஏற்பாடாகும்.

பிள்ளையைப் பிரித்தால் குலம் திருந்தும் என்ற எண்ணம் நம் நாட்டோடு நிற்கவில்லை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பழங்குடிக் குழந்தைகள் தாய் மடியிலிருந்து பறிக்கப்பட்டனர். கனடாவில் அத்தகைய விடுதிப் பள்ளிகள் பலவற்றைக் கத்தோலிக்கத் துறவியரே நடத்தினர். 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கு நேரில் சென்று அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். திருச்சபையும் இதில் பாடம் கற்றது.

நமக்குள்ள பாடம்

சட்டம் ஒழிந்தும் வடு முற்றும் ஆறவில்லை. இச்சமூகத்தாரைத் தமிழக அரசு சீர்மரபினர் என்கிறது. 1979இல் அப்பெயரிலிருந்து நீக்கப்பட்ட 'பழங்குடி' என்ற சொல்லை, மத்திய அரசின் நலத்திட்டங்களின் பொருட்டு மீண்டும் பெற 2019வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆயினும் இந்த வரலாற்றைச் சொல்வது ஒரு குலத்தைப் புகழ்வதற்கன்று. கிளை தன் மக்களைத் தாங்கியது. அதே உறவு சில வேளை பிறரைத் தள்ளும் சுவராகவும் நின்றது. 1957இல் முதுகுளத்தூர் வட்டாரக் கலவரத்தில் இரு பக்கமும் தாய்மார் அழுதனர். பிறப்பைக் காட்டி ஒருவனைக் குற்றவாளி என்பது அநீதியென்றால், பிறப்பைக் காட்டி ஒருவனைத் தாழ்ந்தவன் என்பதும் அதே அநீதியே. ஊரின் கிணற்றிலும் கல்லறைத் தோட்டத்திலும் திருவிழா வரிப் புத்தகத்திலும் இதனை நாம் மறத்தலாகாது.

நம் முன்னோர்க்கு மாமன் வீடு எவ்வாறு இரண்டாம் வீடாயிற்றோ, அவ்வாறே நம் பங்கு இவ்வூரில் எக்குலப் பிள்ளைக்கும் இரண்டாம் வீடாகட்டும்.