வெப்பம் திறந்த நீல ஒளி

தைப்பூச இரவில் ஒளிவெள்ளத்தில் திளைக்கும் தண்ணீர்மலைக்குத் தெற்கே, பாயான் லெப்பாசில், 1972இல் தடையற்ற தொழில் மண்டலம் உருவாயிற்று. அங்கு முதலில் வந்த ஆலைகளுள் சில, எல்.இ.டி. என்னும் ஒளியுமிழ் இருமுனையங்களைச் செய்தன. சிவப்பு ஒளி அன்றே கைகூடியது; ஒளிமிக்க நீலமோ நெடுங்காலம் எட்டவில்லை.

நீலத்திற்கு உரிய பொருள் காலியம் நைட்ரைடு. அதனுள் மின்துளைகளை உண்டாக்க மக்னீசியம் சேர்த்தும் மின்சாரம் எளிதிற் பாயவில்லை. 1989இல் சப்பானியரான அகாசாகியும் அமானோவும் எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி அத்தடையை நீக்கினர். 1992இல் நகமுரா குழுவினர், நைட்ரசன் வளியில் 700 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றுவதே போதும் எனக் காட்டினர். அம்மோனியா வளியில் சூடேற்றினால் தடை மீண்டது. படிகம் வளருகையில் புகுந்த ஐதரசனே மக்னீசியத்தை முடக்கியது என்பது இதனாற் புலனாயிற்று. மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆயினும், ஒளி பிறக்கும் இந்தியம் காலியம் நைட்ரைடு அடுக்கு மிகுவெப்பம் தாங்காது. இந்தியம் பிரிந்து ஒளி குன்றும். ஆகவே வெப்பத்திற்கும் பதம் உண்டு.

2009இல் அவ்வகைச் சில்லுகளைச் செய்யும் ஆலையை ஓஸ்ராம் பினாங்கிலேயே திறந்தது. நம்மவர் கைகள் பழகிய இத்தொழிலை நம் பிள்ளைகள் தமிழிலும் கற்க வேண்டும். அதற்குரிய முதற்சொல், ‘பதம்’, நம் அடுக்களையிலேயே இருக்கிறது.