சைதாப்பேட்டைக் கள்ளித்தோட்டம்

சைதாப்பேட்டைக் கள்ளித்தோட்டம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதரவில் அமைந்த தோட்டம். சிவப்புச் சாயம் தரும் பூச்சிகளை வளர்ப்பதற்காக இங்குச் சப்பாத்திக்கள்ளி பயிரிடப்பட்டது. இம்முயற்சி தோல்வியடைந்தது. ஆனால் அதைத் தொடர்ந்து நிகழ்ந்தவை தமிழக வேளாண் வரலாற்றில் முக்கியமானவை.

செடி

சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்ற நம் நாட்டுக் கள்ளிகளை ஒடித்தால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியில் பால் இல்லை. அது அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த வேறொரு குடும்பத்துச் செடி. நாகதாளி என்றும் அழைக்கப்படுகிறது. இதன் மட்டை இலையன்று, நீரைச் சேமிக்கும் தண்டு. ஒடிந்த மட்டை மண்ணில் விழுந்தாலே வேர்விட்டுத் தனிச்செடியாகிவிடும்.

சாயம்

கொச்சினீல் என்னும் சிவப்புச் சாயம் இக்கள்ளியில் ஒட்டி வாழும் பெண் பூச்சிகளைக் காயவைத்து எடுக்கப்படுவது. ஒரு பவுண்டு சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் தேவை. மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின் இவ்வணிகத்தைத் தன் கையில் வைத்திருந்தது. அதற்கு மாற்று தேடியது கம்பெனி.

ஆண்டர்சனின் முயற்சி

சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் (1738–1809). சென்னையில் புல்லில் கண்ட ஒரு பூச்சியைச் சாயப்பூச்சி எனக் கருதி 1786இல் லண்டனிலிருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார். அப்பூச்சி சாயத்துக்குப் பயன்படவில்லை. எனினும் உண்மையான பூச்சி வந்து சேரும்போது அதற்கு உணவு வேண்டுமெனச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் உருவானது. ஆண்டர்சனின் உறவினரான ஆண்ட்ரூ பெர்ரி அதைக் கவனித்துக்கொண்டார். மாலுமிகளுக்கு வரும் ஸ்கர்வி நோய்க்கு இம்மட்டைகளை உணவாகக் கொடுக்கலாம் என்றும் ஆண்டர்சன் பரிந்துரைத்தார்.

1795இல் கேப்டன் நீல்சன் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை மெக்சிகோவின் உயர்ரகம் அல்ல. தரம் குறைந்த காட்டுவகை. சாயம் எதிர்பார்த்த விலைக்குப் போகவில்லை. 1800இல் தோட்டம் மூடப்பட்டது.

பூச்சியின் மறுவருகை

தென்னிந்தியாவில் கள்ளி பரவியதற்கு இத்தோட்டம் மட்டுமே காரணமன்று. ஆடுமாடுகள் நுழையாத வேலி என்று உழவர்களே புன்செய் ஓரங்களில் மட்டைகளை நட்டனர். வேலி வயலுக்குள் புகுந்தது, மேய்ச்சல் நிலத்தை மூடியது. 1836–38இல் அதே காட்டுவகைப் பூச்சி வடக்கிலிருந்து தெற்கே கொண்டுவரப்பட்டு ஒபன்சியா மோனகாந்தா என்னும் கள்ளியை அழித்தது. சாயத்துக்கு உதவாத பூச்சி களையெடுக்க உதவியது. 1860களில் அது இலங்கைக்கும் கொண்டுசெல்லப்பட்டது. களையை அழிக்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியைக் கொண்டுசென்று வெற்றி கண்ட முதல் நிகழ்வாக இது கருதப்படுகிறது.

ஆனால் அப்பூச்சி ஒபன்சியா தில்லேனி என்னும் மற்றொரு வகையைத் தொடவில்லை. அவ்வகை பெருகியது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1924இல் இலங்கைக்கு வந்த வேறொரு பூச்சி 1926இல் அங்கிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது.

இன்று

கள்ளக்குறிச்சிப் பகுதி போன்ற வறண்ட செம்மண் நிலங்களில் இன்று சப்பாத்திக்கள்ளி வேலியோரச் செடி மட்டுமே. நகரங்களில் இக்குடும்பத்துச் செடிகள் மாடித்தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படுகின்றன. வெட்டிய மட்டையைச் சில நாள் நிழலில் உலரவிட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டு, மண் காய்ந்த பிறகே நீர்விட்டால் போதும், எளிதில் வேர்பிடிக்கும். நீர் தேங்கினால் அழுகிவிடும். கழித்த மட்டைகளைத் தரிசிலோ ஓடைக்கரையிலோ எறியக்கூடாது. எறிந்த இடத்தில் அவை வேர்விடும். ஒருகாலத்தில் வேலிக்கு நட்டவர்களின் நிலத்தையே இச்செடி மூடியது அப்படித்தான்.