வீடு பூட்டிக் கிடந்தாலும் ஏன் கரண்ட் பில் வருது?

"வீட்டைப் பூட்டிட்டுப் போன மாசத்துக்கும் 400 ரூபாவா, சேர்?" 2023இல் கெலிஓயாவில் பலர் எங்களிடம் கேட்ட கேள்வி இது. பதில் கொஞ்சம் பழையது.

1892இல் ஜோன் ஹொப்கின்சன் என்ற இங்கிலாந்துப் பொறியியலாளர் ஒரு விடயத்தைச் சொன்னார். மின்சாரம் வழங்குவதில் பெரும் செலவு, நாம் விளக்குப் போடுவதால் வருவதல்ல. எப்போது போட்டாலும் கொடுக்கத் தயாராக இருப்பதால் வருவது. ஆகவே தயார்நிலைக்கு ஒரு கட்டணம், பாவித்த அலகுக்கு இன்னொரு கட்டணம் என்றார். எமது பில்லிலுள்ள நிலையான கட்டணத்தின் வேர் அதுதான்.

எமது மகாவலியையே பாருங்கள். கொத்மலையில் சுழலியைச் சுற்றிவிட்டு வரும் தண்ணீர் எம்மைக் கடந்து, பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, உக்குவளையில் மீண்டும் மின்சாரம் தருகிறது. அங்கே எரிபொருள் செலவில்லை. அணைக்கும் கம்பிக்கும்தான் செலவு. நுரைச்சோலை அப்படியல்ல. அங்கே ஒவ்வொரு அலகுக்கும் நிலக்கரி எரிய வேண்டும், அதுவும் டொலர் கொடுத்து வாங்கிய நிலக்கரி.

ஒன்பது வருடமாகக் கூடாதிருந்த கட்டணம் 2022இல் கூடியது. மாதம் 30 அலகு பாவிக்கும் வீட்டின் கணக்கு (வரி நீங்கலாக):

2022 ஆகஸ்டுக்கு முன்: அலகு 2.50, நிலையான கட்டணம் 30. மொத்தம் 105 ரூபா.
2022 ஆகஸ்ட்: அலகு 8, நிலையான கட்டணம் 120. மொத்தம் 360.
2023 பெப்ரவரி: அலகு 30, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,300.

2023இல் வெறும் 10 அலகு பாவித்தவர் கட்டியது 700 ரூபா. அதாவது அலகு 70! குறைவாகப் பாவிக்கும் ஏழைக்குத்தான் நிலையான கட்டணம் அதிகம் வலிக்கிறது.

இன்னொன்று. அதே 2023இல் 60 அலகுக்கு 2,560 ரூபா, 61 அலகுக்கு 3,212. ஒரே ஓர் அலகுக்கு 652 ரூபா! 60ஐத் தாண்டினால் முதலாவது அலகிலிருந்தே 42 ரூபா. நிலையான கட்டணமும் 550இலிருந்து 650. அந்த வருட ரமழானில் ஸஹருக்கு விளக்குப் போட்டு எத்தனை வீடுகள் தெரியாமலே இந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும்!

ஹொப்கின்சன் கேட்டது தயார்நிலைக்கான கட்டணம். எமது நிலையான கட்டணமோ பாவித்த அலகோடு 400, 550, 650, 1,500 என்று ஏறியது. பெயர் மட்டும்தான் நிலையானது.

2025 ஜனவரியில் கட்டணம் 20 வீதம் குறைந்தது. விலை ஏறும், இறங்கும்; கணக்கு முறை ஒன்றுதான். பில்லைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துக் கணக்குப் பார்க்கச் சொல்வோம். மாத நடுவில் மானியை ஒரு தடவை பார்ப்போம். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அடுத்த முறை மக்கள் கருத்தைக் கேட்கும்போது, திட்டுவதை விட்டுவிட்டு இந்தக் கணக்கைத் தமிழில் எழுதி அனுப்புவோம்.