புரை முத்தட்டும்!

ஆனி பிறந்து மேக்க இருந்து சாரல் தூவ ஆரம்பிச்சா, எங்க தென்காசிப் பக்கம் ரெண்டு விஷயம் சேர்ந்தே வரும். ஒண்ணு, குற்றாலத்துக்கு வேன் பிடிச்சு வர்ற கூட்டம். இன்னொண்ணு, மெட்ராஸ் ஐ. மெயினருவியில ஈரத்துண்டும் கருப்புக் கண்ணாடியுமா நாலு பேர் நின்னா, அதுல ஒருத்தருக்காவது கண்ணு செக்கச்செவேல்னு இருக்கும். 'அவரைப் பாக்காதல, ஒட்டிக்கிடும்' என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். பார்த்தால் ஒட்டாது மக்களே. அவர் கண்ணைக் கசக்கின கையும், அவர் துடைச்ச துண்டும்தான் ஒட்டும்.

அந்த நோய்க்கு ஏன் நம்ம மெட்ராஸ் பேர் வந்தது? 1918-ல் சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் அதைக் கண்டறிந்து விவரித்ததால் வந்த பேர் என்று சொல்வார்கள். அந்த ஆஸ்பத்திரியைப் பற்றித் தேடப்போய்த்தான் இந்தப் பதிவே உருவானது. தேடத் தேட எங்க தாத்தா ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அதனால் ரெண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

எங்க தாத்தாவுக்கு நல்ல உடம்பு. எழுபது வயசிலும் சீசன் வந்தால் ஐந்தருவிக்கு நடந்தே போவார். 1985 வாக்கில் ஒருநாள் அருவிக்கரையில் பக்கத்தில் வந்த ஆள் மேல் மோதி வழுக்கி விழுந்தார். 'ஏல, அவன் எங்கிருந்துல வந்தான்?' என்று எங்களைக் கேட்டார். அந்த ஆள் அவருக்கு இடதுபக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார். எங்க எல்லாருக்கும் தெரிந்தது, தாத்தாவுக்குத் தெரியவில்லை.

அப்புறம் வாசல் நிலையில் தோளை இடிப்பார். சாப்பிடும்போது இலைக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணிச்செம்பைத் தட்டிவிடுவார். ஆனால் பேப்பரை மட்டும் ஒரு எழுத்து விடாமல் படிப்பார். அதனால் யாரும் பயப்படவில்லை. வீட்டில் எல்லோரும் சொன்னது ஒரே வாக்கியம்தான். 'வயசாயிட்டுல்லா, புரை விழுந்திருக்கும். முத்தட்டும், எடுத்துக்கிடலாம்.' கண்ணாடிக் கடையில் ஒருத்தர் லென்ஸ் மாற்றிக் கொடுத்தார். அத்தோடு சரி.

ரெண்டு வருஷம் கழித்து, பேப்பரும் படிக்க முடியாமல் போனபிறகு திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். புரை கொஞ்சம்தான், பெரிய கோளாறு கண் நீர் அழுத்த நோய். க்ளாக்கோமா. பார்வை நரம்பு ஏற்கெனவே பட்டுப்போய்விட்டது. போனது திரும்பாது.

நாங்கள் முத்தட்டும் முத்தட்டும் என்று காத்திருந்தது புரைக்காக இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த 'முத்தட்டும்' எங்கிருந்து வந்தது? எங்க வீட்டுக்காரர்கள் முட்டாள்தனமாகக் கண்டுபிடித்தது இல்லை. ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுதான். அதற்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது.

கண் வைத்தியம் நம்ம ஊருக்குப் புதுசில்லை. கண்ணோய்கள் 96 என்று சித்த மருத்துவம் வகை பிரித்து வைத்திருக்கிறது. நாகமுனி நயனவிதி என்று கண்ணுக்கென்றே தனி நூல் உண்டு. புரையை ஊசியால் குத்தி உள்ளே தள்ளுகிற முறை சுசுருதர் காலத்திலிருந்து வருகிறது. அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய் இதைச் செய்கிற வைத்தியர்கள் இருந்தார்கள். கலங்கிப்போன லென்ஸ் பார்வைப் பாதையை விட்டு விலகியதும் ஆளுக்குச் சட்டென்று வெளிச்சம் தெரியும். வைத்தியர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் சீழ் பிடித்துக் கண்ணே போனவர்கள் எத்தனையோ பேர்.

தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798 - 1832) தன்வந்திரி மஹால் என்று ஒரு மருத்துவசாலை நடத்தினார். அங்கே கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து, அவர்களுடைய கண்ணைப் படமாக வரைந்து குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நாம் 'கேஸ் ஷீட்' என்கிறோமே, அதேதான். அந்தக் குறிப்புகள் சரஸ்வதி மஹால் நூலகத்தில் இருந்து கிடைத்திருக்கின்றன. ஆனால் மன்னரே நினைத்தாலும் கண்ணுக்கு வெளியே தெரிவதைத்தான் வரையச் சொல்லியிருக்க முடியும். உயிரோடு இருக்கிற மனுஷனின் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கிற கருவியை ஜெர்மனிக்காரர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல்தான் கொண்டுவந்தார். நாம் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாசிக்கிறோமே, மேலே பெரிய எழுத்தும் கீழே பொடி எழுத்துமாய் ஒரு அட்டை, அது 1862-ல் ஹாலந்து நாட்டு ஸ்னெல்லன் செய்தது. கண் அழுத்தத்தை அளக்கிற கருவியை நார்வேக்காரர் ஷியோட்ஸ் 1905-ல் கொண்டுவந்தார்.

1905! எங்க தாத்தா பிறப்பதற்கு முன்னாலேயே அழுத்தம் அளக்கிற கருவி வந்துவிட்டது. அவர் அருவிக்கரையில் விழுந்தது 80 வருஷம் கழித்து. அதுவரைக்கும் ஒரு தடவைகூட யாரும் அவர் கண்ணில் அதை வைத்துப் பார்க்கவில்லை.

சென்னை விஷயத்துக்கு வருவோம். லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805-ல் வந்தது. அடுத்த 14 வருஷத்தில், 1819-ல், சென்னையில் கண் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ராயப்பேட்டையில் ஆரம்பித்துப் பிறகு எழும்பூருக்கு இடம் மாறியது. இன்றும் நடக்கிறது, 2019-ல் 200 வயசு முடிந்தது. உலகத்தின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று, கவர்மெண்டு ஆஸ்பத்திரி! 1900-களின் தொடக்கத்தில் அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். (எலியட்ஸ் பீச்சுக்காரர் வேற எலியட், குழப்பிக்காதீங்க.) ஊசி வைத்தியத்தால் கண் போனவர்களைக் கண்டு கண்டு அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அவருக்கு உலகப்புகழ் வாங்கிக் கொடுத்தது இன்னொரு வேலை. கண்ணில் பொடியாக ஒரு துளை போட்டு உள்ளே தேங்குகிற நீரை வடிய வைக்கிற அறுவை சிகிச்சை, 1909 வாக்கில். எந்த நோய்க்கு? க்ளாக்கோமாவுக்கு. எங்க தாத்தாவுக்கு வந்த அதே நோய்க்கு, எழும்பூரில் இருந்து உலகத்துக்கே பாடம் போயிருக்கிறது. தென்காசிக்கு மட்டும் வந்து சேரவில்லை :(

சரி, 'முத்தட்டும்' கதை.

பழைய முறையில் புரையை எடுத்துவிடுவார்கள், அந்த இடத்தில் வைக்க ஒன்றும் கிடையாது. லென்ஸ் இல்லாத கண்ணுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அதில் பார்த்தால் எல்லாமே சுமார் கால் பங்கு பெரிசாகத் தெரியும், ஓரத்தில் இருப்பது தெரியாது. ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்து இன்னொரு கண் நன்றாக இருந்தால் இன்னும் கஷ்டம். ஒரு கண் பூனையை ஒரு அளவிலும், இன்னொரு கண் அதே பூனையை வேறு அளவிலும் காட்டும். அதனால் பார்வை நன்றாக மங்கும்வரை பொறுங்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்தக் காலத்துக்கு அது நியாயமான யோசனை.

இதை மாற்றியது இரண்டாம் உலகப் போர். விமானம் அடிபட்டபோது காக்பிட்டின் கண்ணாடிப் பிளாஸ்டிக் தெறித்துச் சில விமானிகளின் கண்ணுக்குள் போய்விட்டது. அந்தத் துணுக்குகள் உள்ளேயே கிடந்தும் கண் பழுக்கவில்லை என்பதைக் கவனித்தார் லண்டன் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி. அந்தப் பொருளிலேயே லென்ஸ் செய்து 1949 நவம்பரில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். உடன் இருந்த டாக்டர்களே பலர் அவரைத் திட்டினார்கள். அது நம்ம ஊர் ஏழைபாழைக்கு எட்ட 40 வருஷத்துக்கு மேல் ஆனது.

எட்ட வைத்தவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி. பிரசவத்தில் சொந்தக்காரப் பெண்கள் இறந்ததைப் பார்த்துப் பிரசவ டாக்டராகணும் என்று கிளம்பியவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. ஒரு வருஷத்துக்கு மேல் படுக்கை. எழுந்து வந்து கண் மருத்துவம் படித்தார். கோணின விரலால் கத்தி பிடிக்கப் பழகி, லட்சம் ஆபரேஷன்களுக்கு மேல் செய்தார். 58 வயசில் அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். மத்திய அரசு தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியதும் அதே 1976-ல்தான். காசு கொடுக்கிறவரிடம் வாங்கி, கொடுக்க முடியாதவருக்கும் அதே டாக்டரை வைத்துச் செய்வது அவர் கணக்கு. திருநெல்வேலிக்கு அரவிந்த் 1988-ல் வந்தது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் அப்போது வெளிநாட்டில் இருந்து நூறு டாலரையொட்டி வந்துகொண்டிருந்தது. 1992-ல் ஆரோலேப் என்று தாங்களே ஆரம்பித்துச் சுமார் பத்து டாலருக்குச் செய்து காட்டினார்கள். டாக்டர் 2006-ல் காலமானார்.

எங்க ஆச்சிக்கு முதல் கண் பழைய முறையில் செய்தது. சோடாபுட்டி போட்டுக்கொண்டு படியிறங்க எவ்வளவு பாடுபட்டாள் என்று எனக்குத் தெரியும். ரெண்டாவது கண் தொண்ணூறுகளில், உள்ளே லென்ஸ் வைத்து. கட்டவிழ்த்த அன்றைக்கு ராத்திரி அரிசியில் கல் பொறுக்கினாள். வேண்டாம் என்று சொன்னோம், கேட்கவில்லை. அவளுக்குக் கல் பொறுக்குவது முக்கியமில்லை, கல் தெரிகிறது என்பதுதான் முக்கியம் :)

ஆக, 'முத்தட்டும்' என்பதற்கான காரணம் செத்து 30 வருஷம் ஆகிவிட்டது. சொல் மட்டும் சாகவில்லை. இன்றைக்கும் எங்க ஊர் டீக்கடையில் கேட்கலாம். இன்றைய முறையில் புரை முத்த வேண்டிய அவசியமே இல்லை. ரொம்ப முத்தவிட்டால் அதுவே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். அதைவிட மோசம், மங்கல் எல்லாமே புரைதான் என்று நாமே முடிவு கட்டிக்கொள்வது. க்ளாக்கோமா பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. ஓரப்பார்வையை முதலில் தின்னும், நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கும். அதனால்தான் தாத்தா பேப்பர் படித்துக்கொண்டே குருடரானார். சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுப்பதும் இதே மாதிரி சத்தமில்லாமல்தான்.

1998-ல் அப்பா வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கக் கிளம்பினார். கடைக்குப் போக வேண்டாம், டாக்டரிடம் போங்கள் என்று ஆச்சிதான் பிடிவாதம் பிடித்தாள். அழுத்தம் அதிகம், நரம்பில் லேசாகத் தேய்மானம். தினமும் சொட்டு மருந்து. 25 வருஷத்துக்கு மேலாகிவிட்டது, அப்பா இன்றும் தனியாக டவுன் பஸ் ஏறிக் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போய் வருகிறார். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே நோய்தான். வித்தியாசம், ஒருத்தருக்கு முன்கூட்டிப் பார்த்தோம், அவ்வளவுதான்.

அதனால் எங்க வீட்டில் ஒரு வழக்கம். சீசன் முடிந்து கூட்டம் வடிந்ததும் ஒருநாள் குடும்பத்தோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம். கண்ணில் மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்ப்பதால் நாலைந்து மணி நேரம் பார்வை கூசும், யாரும் வண்டி ஓட்ட முடியாது. ஆகவே புளியோதரை கட்டிக்கொண்டு பஸ்ஸில். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன் ஒரு தடவை கட்டாயம் பாருங்கள். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. ஏழெட்டு வயசு தாண்டினால் அந்தச் சோம்பேறிக் கண்ணைத் திருப்புவது கஷ்டம். கண்ணாடி போட்ட பிள்ளைக்கு வருஷா வருஷம். நாற்பது தாண்டியவர்கள் எல்லோரும். சர்க்கரை இருந்தால் பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை. வீட்டில் யாருக்காவது க்ளாக்கோமா இருந்தால் கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும். அழுத்தம் மட்டும் அளந்தால் போதாது, நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். வயலில் நெல் தெறித்துக் கண் உறுத்தினால் இலைச்சாறு, தாய்ப்பால் எதையும் ஊற்றாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பொன்னாங்கண்ணியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், கண்ணில் மட்டும் விடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு அறிக்கை விட்டது. உலகத்தில் பார்வைக் குறை உள்ளவர்கள் 220 கோடிப் பேராவது இருப்பார்கள், அதில் 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்று. எங்க தாத்தா அந்த மாதிரிக் கணக்கில் ஒருத்தர்.

இவ்வளவு எழுதுகிறேனே, எங்க சித்தப்பாவை இன்னும் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. தாத்தாவின் சொந்த மகன், வயசு 68. போன மாதம் வந்தவர் வாசல் நிலையில் தோளை இடித்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கேட்டேன்.

'ஒண்ணுமில்லப்பா, லேசா புரை. முத்தட்டும்' என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். திங்கட்கிழமை டாக்டரிடம் டோக்கன் போட்டாயிற்று.