தயவும் கூலியும்: கீழத்தஞ்சையில் இரக்கச் சொற்களின் வரலாறு



திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனைப்பட்டா கேட்டு மனு எழுத உட்காரும்போது, நம் பேனா தானாகவே ஒரு தொடரை எழுதிவிடுகிறது: ‘ஐயா அவர்கள் கருணை கூர்ந்து’. எங்களில் பலர் எத்தனையோ மனுக்களில் இதை எழுதியிருக்கிறோம். சட்டப்படி சேர வேண்டியதைக் கேட்கும் தாளில் கருணைக்கு என்ன வேலை என்று வெகுநாள் யோசித்ததில்லை. இந்த நினைவுப் பேருரையை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறோம். தயவு, தருமம், இரக்கம், அருள், கருணை ஆகிய சொற்கள் காவிரிப் படுகையின் வயல்வெளியில் யார் வாயிலிருந்து யாரை நோக்கிப் போயின என்று பார்ப்போம்.

பண்ணையாள் முறையிலிருந்து தொடங்குவோம். பண்ணையாள் குடும்பத்தோடு ஒரு மிராசுதாருக்குக் கட்டுப்பட்டவர். அவர் குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. கூலி நெல்லாகக் களத்தில் அளக்கப்பட்டது. மரக்கால் பிடித்த கையும் பண்ணையின் கைதான். இந்த ஏற்பாட்டில் உழைப்பவருக்கு உரிய எதுவும் உரிய பெயரால் அழைக்கப்படவில்லை. மனையில் இருக்கவிட்டது தயவு. பொங்கலுக்குக் கொடுத்த துணி தருமம். வேலையில்லாத மழைநாளில் கொடுத்த நெல் இரக்கம். கணக்குப் புத்தகத்தில் மட்டும் அது கடன். தயவாகக் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பிடுங்கலாம் என்பதில்தான் அந்தச் சொல்லின் பயன் இருந்தது. தயவு நின்றுபோன நாளில் சாணிப்பாலும் சவுக்கடியும் வந்தன. இரண்டையும் கொடுத்தது ஒரே கை.

பக்தியின் மொழியிலும் இந்தக் கணக்கு மாறவில்லை. ஆதனூர் நந்தனின் கதைக்குள், சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியப் பண்ணையாரை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளில் கொண்டுவந்தார். சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போகச் சொல்கிறார் அவர். இறையருளால் ஒரே இரவில் பயிர் விளைந்து நிற்கிறது. கதை கேட்பவர்கள் உருகும் இடம் இது. நாம் ஒன்றைக் கேட்போம்: அந்த நாற்பது வேலி நெல் யாருடைய களஞ்சியத்துக்குப் போனது? நந்தனுக்குக் கிடைத்தது போய்வர அனுமதி. பண்ணைக்குக் கிடைத்தது ஒரு போகம் விளைச்சல். அருள் மழையாகப் பொழிந்தும் நில உடைமை நனையவில்லை.

இந்தச் சொற்களை முதலில் அசைத்தவை சங்கங்கள். 1943இல் பி. சீனிவாச ராவ் தஞ்சைக்கு வந்தார். களப்பாள் குப்பு போன்றவர்கள் சேரிகளுக்குள்ளிருந்தே தலைவர்களாக எழுந்தார்கள். 1944இன் மன்னார்குடி ஒப்பந்தம் சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்தச் சொன்னது. 1952இல் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இடதுசாரி இயக்கம் கூலியைப் பேசிய அளவுக்குச் சாதியைப் பேசியதா என்ற விவாதம் நமக்கு உண்டு. ஆனாலும் ‘ஒப்பந்தம்’ என்ற சொல் களத்துமேட்டுக்கு வந்தது பெரிய மாற்றம். ஒப்பந்தத்துக்கு இரண்டு தரப்பு வேண்டும். தயவுக்கு ஒருவர் மனசு போதும்.

1968ஆம் ஆண்டை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பசுமைப் புரட்சியின் புது நெல் ரகங்கள் தஞ்சை வயல்களில் விளைச்சலைக் கூட்டிக்கொண்டிருந்த காலம். தொழிலாளர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. அரைப்படியைப் பிச்சையாகக் கேட்டிருந்தால் போட்டுவிட்டு அதைத் தருமம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். கூலி என்று கேட்டார்கள். சங்கமாக நின்று கேட்டார்கள். நிலவுடைமையாளர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கமோ செங்கொடியை இறக்கச் சொன்னது. டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு சிறு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

பிறகு நீதிமன்றம். 1970இல் நாகப்பட்டினத்தில் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை கிடைத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஏராளமான நிலம் உடையவர்கள், கார் வைத்திருப்பவரும் அவர்களில் உண்டு. இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்னும் பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. தீர்ப்பில் கருணை என்ற சொல்லைத் தேட வேண்டியதில்லை. யாருடைய சொல்லை நம்புவது, யாரைப் பற்றி நல்லபடியாக நினைப்பது என்பதில்தான் பரிவு வேலை செய்கிறது. அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை வெண்மணி அறியும்.

அதே ஆண்டுகளில் இரண்டு சட்டங்களும் வந்தன. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். 1971இல், விவசாயத் தொழிலாளர்கள் குடியிருந்த மனையை அவர்களுக்கே உடைமையாக்கிய குடியிருப்புச் சட்டம். நேற்றுவரை ‘இருக்கவிட்ட தயவு’, இனி ‘உடைமை’. இந்த ஒரு சொல் மாறுவதற்கு எத்தனை பேர் அடிபட்டார்கள், சிறையில் செத்தார்கள், எரிந்தார்கள் என்பதுதான் கீழத்தஞ்சையின் வரலாறு. அந்தச் சொல்லைத்தான் நாம் மனுத் தாளில் மறுபடியும் ‘கருணை’யாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியென்றால் இரக்கமே வேண்டாமா? வேண்டும். அம்பேத்கர் 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், கருணையோடு நிற்காமல் அதைத் தாண்டி எல்லா உயிர்களையும் தழுவும் மைத்ரிக்குப் போகச் சொன்னார். சகோதரத்துவம் என்று நாம் சொல்வதற்கு மைத்ரியே பொருத்தமான சொல் என்றும் எழுதினார். மைத்ரியில் மேல் கை, கீழ் கை கிடையாது. நம் தெருக்களில் இதற்கு முன்பே ஒரு சொல் உண்டு: ஒத்தாசை. கூரை மேய, பிள்ளைப்பேறு பார்க்க, சாவு வீட்டில் நிற்க ‘ஒத்தாசைக்கு வா’ என்று கூப்பிடுகிறோம். இன்று அவள் வருவாள், நாளை நாம் போவோம். யாரும் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. பசித்த வயிறுகள் ஒன்றையொன்று தாங்கிய இரக்கம் அது.

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு சிறு வேலை கேட்கிறோம். அடுத்த திங்கள்கிழமை நம் தெருப் பெரியம்மாவுக்கு மனு எழுதும்போது ‘கருணை கூர்ந்து’ என்பதை அடித்துவிடுங்கள். எந்தச் சட்டம், எந்த ஆண்டு என்று தேடி அந்த இடத்தில் எழுதுங்கள். எழுதியதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். தான் கேட்பது தனக்குச் சேர வேண்டியது என்று தெரிந்த பிறகு அவர் கைநாட்டு வைக்கட்டும்.

ஜெய் பீம்.